குறைத்து விற்கத் தடை

கம்பளியைக் கொடுத்துச் செங்கல்லை வாங்கலாம். கோதுமையைக் கொடுத்து மரத்தை வாங்கலாம். அறுகோண வடிவில் வெட்டப்பட்ட அட்டைகளை மேசைமீது சேர்த்துப் பரப்பினால் ஒரு தீவு தோன்றுகின்றது. இரண்டு பகடைகள் உருள்கின்றன. விழுந்த எண்ணுக்கேற்ப ஒருவனுக்குக் கம்பளியும் மற்றொருவனுக்குச் செங்கல்லும் கிடைக்கின்றன. கிடைத்ததைப் பண்டமாற்றுச் செய்து வீதியும் வீடும் முந்தி அமைப்பவனே வெல்வான். ஜேர்மனியிலே செயற்கைப் பல் செய்யும் தொழிலைப் புரிந்துவந்த கிளவுஸ் டொய்பர் என்பவர் ஆக்கிய இவ்விளையாட்டு 1995 ஆம் ஆண்டில் வெளிவந்து, ‘கட்டான்’ என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிற்று. பெயர் கட்டான் எனினும் ஆட்டம் முழுவதும் கட்டுவதே தொழில். போரும் கொலையுமின்றி, பேரம்பேசி மகிழும் இந்தப் பெட்டி, அதன் விற்பனை விலையைப் பற்றிய ஒரு பெரும் பூசலுக்கும் இடமாயிற்று.

அமெரிக்காவிலே இவ்விளையாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்தது மேபெயர் கேம்ஸ் என்னும் நிறுவனம். 2007 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் பொருள்களை விற்கும் கடைக்காரருக்கு ஒரு விதியை அறிவித்தது. நிறுவனம் குறித்த விலையிலிருந்து நூற்றுக்கு 20 வீதத்துக்கு மேல் எவரும் கழிவு கொடுத்தல் ஆகாது. மீறுவோருக்குச் சரக்கு அனுப்பப்படமாட்டாது என்பதே அவ்விதியின் சாரம். விலைக்கு மேலெல்லை விதிப்பதை உலகம் நன்கு அறியும். பஞ்சகாலத்தில் அரிசிக்கும் மாவுக்கும் அரசாங்கங்கள் விதிப்பது அத்தகைய எல்லையே. இங்கே விதிக்கப்பட்டதோ கீழெல்லை. இதற்குமேல் விற்காதே என்பதன்று, இதற்குக் கீழே விற்காதே என்பது. அதனை விதித்ததும் அரசாங்கமன்று; பொருளைச் செய்து ஏற்கெனவே விற்றுவிட்ட ஒரு வியாபார நிறுவனம்.

இத்தொழிலின் கொடுக்கல் வாங்கலை அறிந்தாலன்றி இவ்விதியின் கனம் விளங்காது. வெளியீட்டாளர் தமது சரக்கை விநியோகத்தருக்கு விற்பார். விநியோகத்தர் கடைக்காரருக்கு விற்பார். குறித்த விலையில் ஏறத்தாழச் சரிபாதிக்கே பெட்டி கடைக்காரர் கைக்கு வந்து சேர்வது வழக்கம். கணக்கை எளிதாக்க, குறித்த விலை 40 டொலர் எனக் கொள்வோம். கடைக்காரர் அதனை ஏறக்குறைய 20 டொலருக்கு வாங்குகிறார். நகரத்து வீதியிலே வாடகை கொடுத்து, விளக்கேற்றி, விற்பனையாளரை வைத்துக் கடை நடத்துபவர் 40 டொலருக்கு விற்றால்தான் அவர் பிழைப்பு நடக்கும். இணையத்தின் வழியே கட்டளை பெற்றுப் பண்டகசாலையிலிருந்து பொதியனுப்பும் வியாபாரியோ 27 டொலருக்கு விற்றாலும் இலாபம் காண்பார். புதிய விதியின்படி அவரும் 32 டொலருக்குக் கீழே இறங்கலாகாது. பெட்டியொன்றுக்கு ஐந்து டொலர் மிகுதியாகக் கொடுக்கவேண்டியவர், அதனை வாங்கி விளையாடும் ஆர்வலர்.

பலகை விளையாட்டை வாழ்க்கையின் பெரும் இன்பமாகக் கொண்டோர் ஆண்டுக்கு ஒரு பெட்டியோடு நிற்பவரல்லர். பத்து, இருபது என வாங்கி அடுக்குவோர் பலர். அவர்களுக்கு ஐந்து டொலர் பத்து மடங்காகும், இருபது மடங்காகும். ஆகவே அவர்கள் சினந்தனர். இனி அந்நிறுவனத்தின் பெட்டியைத் தொடுவதில்லை என்று சபதஞ் செய்தாரும் இருந்தனர். ஜேர்மனியிலிருந்தே நேராகத் தருவித்துக்கொள்வோம் என்றாரும் இருந்தனர். காய்களிலும் அட்டைகளிலும் எழுத்து மிகக் குறைவாதலின், விதிகளை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு ஜேர்மன் பதிப்பை விளையாடுவது அவர்களிடையே முன்னரே இருந்த பழக்கம். ஆயினும் ஆர்வலர் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றனர் என்று எண்ணிவிடலாகாது. ஊர்க் கடையின் பின்னறையில் மாலைதோறும் கூடி விளையாடிப் பழகியவர்கள், அக்கடை மூடப்படுமானால் தமக்குப் போக்கிடம் இல்லையாகுமே என அஞ்சி, விதியை வரவேற்றனர். ஒரே பொழுதுபோக்கை உடையவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வழக்காடினர்.

செய்தவன் தன் பொருளை விற்றபின், அது இன்னொருவனுடைய உடைமை. அதன் விலையைச் சொல்ல அவனுக்கு என்ன உரிமை? இக்கேள்வி அமெரிக்காவிலே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

1904 ஆம் ஆண்டில் பொப்ஸ் மெரில் என்னும் புத்தக வெளியீட்டு நிறுவனம் ஒரு நாவலை வெளியிட்டு, அதன் உள்ளே ஓர் அறிவித்தலையும் அச்சிட்டது. இந்நூலின் விலை ஒரு டொலர். அதற்குக் குறைத்து விற்பவர் பதிப்புரிமையை மீறியவராவர் என்பது அறிவித்தல். நியூயோர்க்கின் மேசீஸ் என்னும் பெரும் பண்டசாலை அதைப் பொருட்படுத்தாது நூலை 89 சதத்துக்கு விற்றது. வழக்கு நாட்டின் மீயுயர் நீதிமன்றம்வரை சென்றது. 1908 இல் வந்த தீர்ப்பு வெளியீட்டாளருக்கு எதிராயிற்று. ஒருமுறை விற்றபின் அப்பிரதியின் மறுவிற்பனை விலையைப் பதிப்புரிமையைக் கொண்டு கட்டுப்படுத்த இயலாது என்று நீதிமன்றம் கூறிற்று.

அறிவித்தல் பயன்படாதெனில் ஒப்பந்தம் பயன்படாதா? டொக்டர் மைல்ஸ் என்னும் மருந்து நிறுவனம் அவ்வழியை நாடியது. மொத்த வியாபாரிகள் ஏறக்குறைய 400 பேரோடும் சில்லறை வியாபாரிகள் ஏறக்குறைய 25,000 பேரோடும் அது விலை ஒப்பந்தம் செய்திருந்தது. 1911 இல் அதே நீதிமன்றம் இதனையும் செல்லாதெனத் தள்ளிற்று. ஆகக் குறைந்த விலையை ஒப்பந்தத்தாற் பிணிப்பது, எக்காரணமும் கேட்கப்படாமலே சட்டவிரோதம் எனப் பின்வந்த நீதிமன்றங்கள் அத்தீர்ப்பைக் கொண்டன. ஆனால் 1919 இல், கொல்கேட் நிறுவனத்தின் வழக்கில், ஒரு சிறு கதவு திறந்து விடப்பட்டது. ஒப்பந்தம் எதுவும் செய்யாமல், ‘இவ்விலைக்குக் குறைத்து விற்பவருக்கு நான் சரக்குக் கொடேன்’ என்று உற்பத்தியாளர் தாமாகவே அறிவித்து, அவ்வாறே நடந்துகொள்ளலாம். கடைக்காரர் ‘சம்மதம்’ என்று சொல்லிவிட்டால் குற்றம். சொல்லாமற் கீழ்ப்படிந்தால் குற்றமில்லை. வழக்கறிஞருக்கு இதனினும் நல்ல விளைநிலம் வேறு இல்லை எனலாம்.

பின்னர் வந்தது பொருளாதார மந்தம். பெரிய பண்டசாலைகள் விலையை வெட்டச் சிறு கடைகள் வீழ்ந்தன. மருந்துக் கடைக்காரர் முதலானோர் தத்தம் மாநில அரசுகளை நெருக்கினர். 1931 இல் கலிபோர்ணியா தொடங்கி மாநிலங்கள் ‘நியாய வியாபாரம்’ என்ற அழகிய பெயரோடு சட்டங்கள் இயற்றின. 1937 இல் மத்திய அரசும் அவற்றுக்கு இடங்கொடுத்தது. ஒரு மாநிலத்தில் ஒரேயொரு கடைக்காரர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டாற் போதும், இடாத ஏனையோரையும் அது கட்டும் என்ற விந்தையான ஏற்பாடும் அச்சட்டங்கள் பலவற்றில் இருந்தது. நியூ ஓலியன்ஸ் நகரத்து ஸ்வெக்மன் என்னும் கடைக்காரர் இதற்கு இணங்கவில்லை. 1951 மே மாதத்தில் மீயுயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புக் கூறியதும், நியூயோர்க்கிலே மேசீஸ் பண்டசாலை ஏறக்குறைய ஆறாயிரம் பொருள்களின் விலையைக் குறைத்தது. எதிர்க் கடையான கிம்பல்ஸ் அதற்கும் கீழே இறங்கியது. சில வாரங்கள் அந்நகரத்து மக்கள் கடைவாயில்களில் நெருக்குண்டனர். மறு ஆண்டே நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தால் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. இறுதியாக 1975 இல் மத்திய அரசு கொடுத்த இடம் முழுவதும் நீக்கப்பட்டது. இங்கிலாந்தில் இதற்குப் பதினோராண்டு முன்னரே, 1964 இல், எட்வர்ட் ஹீத் கொண்டுவந்த சட்டம் பெரும்பாலான பொருள்களின் மறுவிற்பனை விலைக்கட்டை அறுத்தது. தம் கட்சியைச் சேர்ந்தோரே மிகக் கடுமையாக எதிர்த்ததால், மருந்துகளைப் பற்றிய ஒரு திருத்தத்தின்போது அரசாங்கம் ஒரேயொரு வாக்கால் தப்பிற்று.

இவ்வளவு நீண்ட வழக்கின் போக்கைத் திருப்பியது தோற்பொருள் செய்யும் லீஜின் என்ற நிறுவனம். பெண்களுக்கான அதன் இடைவார்களையும் கைப்பைகளையும் டெக்சஸ் மாநிலத்துச் சிறு கடையொன்று நூற்றுக்கு 20 வீதம் கழித்து விற்றது. நிறுவனம் சரக்கை நிறுத்தியது. கடை வழக்குத் தொடுத்தது. 2007 ஜூன் 28 ஆந் திகதி, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்த மீயுயர் நீதிமன்றம், 96 ஆண்டு நின்ற பழைய விதியை நீக்கிற்று. ஆகக் குறைந்த விலையைக் கட்டுவது தானாகவே குற்றமாகாது. அதனால் வியாபாரப் போட்டிக்கு நன்மையா தீமையா என்பதை அவ்வவ்வழக்கிலே ஆராயவேண்டும் என்பது புதிய நிலை. மாறுபட்ட நால்வருக்காக எழுதிய நீதிபதி பிறேயர் ஒரு கணக்கைக் காட்டினார். உற்பத்தியாளரில் நூற்றுக்குப் பத்து வீதத்தினர் இவ்வழக்கத்தை மேற்கொண்டாலும், நால்வரைக் கொண்ட சராசரிக் குடும்பத்தின் ஆண்டுச் செலவு 750 முதல் 1,000 டொலர்வரை ஏறக்கூடும் என்பது அது. மேபெயர் நிறுவனத்தின் விதி பிறந்ததும் அதே ஆண்டிலேதான்.

நேயர்கள் இங்கே ஓர் ஐயம் கொள்ளலாம். கடைக்காரர் 27 டொலருக்கு விற்றாலும் 32 டொலருக்கு விற்றாலும் உற்பத்தியாளருக்கு வருவது ஒரே தொகைதான். மிகுதியான ஐந்து டொலர் கடைக்காரர் பெட்டிக்குள் விழுகிறது. விலை குறைந்தால் விற்பனை கூடி உற்பத்தியாளருக்கு இலாபமல்லவா? தன் இலாபத்தைத் தானே குறைப்பதுபோன்ற விதியை அவர் ஏன் விதிக்கவேண்டும்? பொருளியலறிஞர் லெஸ்ரர் ரெல்சர் 1960 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றின் தலைப்பே ஏறக்குறைய இந்தக் கேள்விதான்.

அவர் கூறிய விடை, விளையாட்டுக் கடைக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. ஒருவர் ஊர்க் கடைக்குச் செல்கிறார். அங்கே பெட்டி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. விற்பனையாளர் அரைமணி நேரம் அமர்ந்து ஆட்டத்தைக் கற்பிக்கிறார். வந்தவருக்குப் பிடித்துவிடுகிறது. நன்றி சொல்லி வீடு திரும்பி, குறைந்த விலைக்குக் கொடுக்கும் தூரத்து வியாபாரிக்குக் கட்டளை அனுப்புகிறார். உழைத்தவர் ஒருவர், விற்றவர் வேறொருவர். இது தொடருமானால் கற்பிக்கும் கடைக்காரர் கற்பிப்பதை விடுவார், அல்லது கடையையே விடுவார். கற்பிப்பார் இல்லாத ஊரில் விளையாட்டு பரவாது, உற்பத்தியாளருக்கும் நட்டம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்கு விற்றால் வாடிக்கையாளர் கற்ற இடத்திலேயே வாங்குவார். மேபெயரை ஆதரித்த ஆர்வலர் சொன்னதும் இதுவே. மேசையும் நாற்காலியும் மாலைநேரத்து வெளிச்சமும் இலவசமாக வருவனவல்ல; அவற்றின் விலை பெட்டியின் விலைக்குள் மறைந்திருக்கிறது என்றனர்.

இவ்வாதத்திற் பெரும் உண்மை உண்டு. ஆயினும் அது எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. இவ்விளையாட்டுகளை உண்மையிற் கற்பிப்பவர் யார்? பெரும்பாலும் அவற்றை வாங்கிய ஆர்வலரே. தம் பணத்தில் பெட்டியை வாங்கி, வீட்டுக்கு நண்பரை அழைத்து, தேநீர் கொடுத்து, விதிகளைப் பொறுமையோடு விளக்கி, இன்னும் இருவரை வாங்கத் தூண்டுபவர் அவர். கடைக்காரர் செய்வதாகச் சொல்லப்படும் தொண்டைக் கூலியின்றிச் செய்பவரிடமே அத்தொண்டுக்கென ஐந்து டொலர் கேட்கப்படுகிறது. அவர் சினந்ததில் வியப்பென்ன? அன்றியும், நூறு மைல் சுற்றளவில் விளையாட்டுக் கடை எதுவுமில்லாத ஊரில் இருப்பவர் யாருடைய மேசைக்காகக் கொடுக்கிறார்? தாம் ஒருநாளும் அமரப்போகாத நாற்காலிக்கு அவர் வாடகை கட்டுகிறார். வரவு குறைந்த இளைஞன் ஒருவன், கழிவு விலையின் துணையால் ஆண்டுக்கு ஆறு பெட்டி வாங்கியிருப்பான். இப்போது ஐந்தோடு நிற்பான். அவன் வீட்டு மேசையைச் சுற்றிக் கூடும் நண்பரையும் அக்கணக்கிற் சேர்க்கவேண்டும்.

இன்னொன்று. விலை கூடியதால் வரும் மிகுதி, கற்பிக்கும் கடைக்காரரை மட்டும் சேர்வதில்லை. இணைய வியாபாரியும் அதே 32 டொலரைப் பெறுகிறார். மேசை ஒன்றுகூடப் போடாமலே அவர் இலாபம் உயர்கின்றது. கற்பித்தலுக்குக் கூலி கொடுப்பதே நோக்கமாயின், கற்பிக்கும் கடைகளுக்குக் குறைந்த விலையிற் சரக்குக் கொடுத்திருக்கலாம் என்று எதிர்த்தோர் கேட்டது தக்க கேள்வியே.

கீழ்விலை விதி எப்போதும் வெளிப்படையாகவே வரும் என்பதில்லை. ‘நீர் என்ன விலைக்கும் விற்கலாம்; ஆனால் இவ்விலைக்குக் கீழே விளம்பரம் செய்யலாகாது’ என்பது இன்னொரு வடிவம். கடைவீதியில் இதற்கும் முன்னதற்கும் வேறுபாடு உண்டு. கடைக்குள் வந்தவரிடம் காதோடு காதாகக் குறைத்துச் சொல்லலாம். இணையத்திலோ, காட்டப்படும் விலையே விளம்பரம், காட்டாமல் விற்பதெங்ஙனம்? இசைத்தட்டு வியாபாரத்தில் இவ்வகை விதிகளைக் கையாண்ட ஐந்து பெரிய நிறுவனங்கள், அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் தலையீட்டால் 2000 ஆம் ஆண்டில் அவற்றைக் கைவிட இணங்கின. மூன்றாண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் மக்கள் 48 கோடி டொலர்வரை மிகையாகக் கொடுத்திருக்கலாம் என்பது ஆணைக்குழுவின் மதிப்பீடு.

பிரித்தானியாவில் நிலைமை வேறு. அங்கே மறுவிற்பனை விலையைக் கட்டுவது இன்றும் குற்றமே. கித்தார் வாசிப்போர் விரும்பும் பென்டர் நிறுவனம், 2013 முதல் 2018 வரை இணையத்தில் கழிவு கொடுக்கக் கூடாதெனக் கடைக்காரரைக் கட்டுப்படுத்தியமைக்காக 2020 ஜனவரியில் 45 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பெற்றது. மின்பியானோக்களும் இசைப்பலகைகளும் செய்யும் கெசியோ நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டில் 37 இலட்சம் பவுண் தண்டம் பெற்றது. பென்டர் அலுவலகத்திலே சோதனை நடந்தபோது குறிப்புப் புத்தகங்கள் சில மறைத்து வைக்கப்பட்டமைக்காகத் தனியே 25,000 பவுண் தண்டமும் விதிக்கப்பட்டது. ஒளிப்பதற்கு நினைவிருந்தவருக்கு எழுதாமலிருக்க நினைவிருக்கவில்லை போலும்.

ஜேர்மனியிலோ ஒரு விந்தை. புத்தகங்களுக்கு 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலையான விலை உண்டு. கடைக்காரர் குறைத்து விற்றல் சட்டத்துக்கு மாறானது. விளையாட்டுப் பெட்டிகளுக்கு அச்சட்டம் இல்லை. ஆகவே ஒரே கடையில் ஒரே தட்டில் நாவலும் கட்டான் பெட்டியும் பக்கத்திற் பக்கமாக இருந்தால், நாவலின் விலையைச் சட்டம் காக்கும். பெட்டியின் விலையைக் கடைக்காரர் தாமே தீர்மானிப்பார்.

மேபெயரின் கதைக்கு மீள்வோம். 2016 ஜனவரியில் கட்டானின் ஆங்கில வெளியீட்டுரிமை அந்நிறுவனத்தின் கையை விட்டுப் பிரெஞ்சு நாட்டு அஸ்மொடீ குழுமத்திடம் சென்றது. 2018 இல் மேபெயர் தன் தொழிலையே நிறுத்திற்று. இதற்குக் காரணம் விலை விதி என்று கூற இடமில்லை. வாங்கியவரும் அதே சிக்கலை வேறு வழியில் அணுகினர் என்பதே கவனிக்கத்தக்கது. அஸ்மொடீயின் வட அமெரிக்கக் கிளை, 2016 ஏப்ரில் மாதம் முதல், கடை வைத்திருப்போருக்கு ஒருவகை நிபந்தனையும் இணையத்தில் விற்போருக்கு வேறுவகை நிபந்தனையுமாகப் பிரித்தது. கடைக்காரர் தாம் வாங்கிய சரக்கை வாடிக்கையாளரை நேரிற் கண்டு விற்கவேண்டும். இணையத்தில் விற்கத் தனி அனுமதி வேண்டும். விலை என்ற சொல் அங்கே முன்னிறுத்தப்படவில்லை. எனினும் ஆர்வலர் முன்பு எழுப்பிய கூக்குரலையே மீண்டும் எழுப்பினர்.

இதற்கிடையில், கனடாவின் ரொறன்ரோ நகரத்திலே 2010 ஆம் ஆண்டில் ஸ்னேக்ஸ் அன்ட் லாட்டிஸ் என்ற பெயரோடு ஒரு சிற்றுண்டிச்சாலை திறக்கப்பட்டது. சுவரெங்கும் விளையாட்டுப் பெட்டிகள். எதனை வேண்டுமாயினும் எடுத்து விளையாடலாம். விதி தெரியாதவருக்கு விளக்கிச் சொல்ல ஆட்கள் உண்டு. உள்ளே வந்து அமரும் ஒவ்வொருவரும் ஐந்து டொலர் கட்டணம் செலுத்தினர். விளையாடி முடித்து, பிடித்திருந்தால், பெட்டியை அங்கேயே வாங்கலாம். வேறிடத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கே சென்றும் வாங்கலாம். மேசைக்குரிய ஐந்து டொலர் முன்னமே கொடுக்கப்பட்டுவிட்டதால், சிற்றுண்டிச்சாலைக்காரருக்கு அதில் முறைப்பாடு எதுவும் இருக்கவில்லை.